எஃப்டிபியில் இறக்கிய ஜிப் திறக்கவில்லை: ஆஸ்கியா, பைனரியா?

புதுப்பாளையம் அச்சகம் | 4 மார்ச் 2024, காலை 10.12

புதுச்சேரி டிசைனர் காலண்டர் வேலையை ஜிப் போட்டு அவங்க லினக்ஸ் சர்வர்ல வைக்கிறார். கடலூர்ல நாங்க விண்டோஸ் கமாண்ட் ஜன்னல்ல எஃப்டிபி (கணினிக்குக் கணினி ஃபைல் அனுப்புற முறை) போட்டு இறக்குறோம். விலைப்பட்டியல் டெக்ஸ்ட் ஃபைல் சுத்தமா வருது. ஜிப் மட்டும் திறக்க மாட்டேங்குது. தனியா வந்த ஜேபெக் படத்துல மேல் ஓரம் சரியா இருக்கு, கீழே எல்லாம் சாம்பல் நிறம். சர்வர்ல ஜிப் 31,45,902 பைட். எங்ககிட்ட வந்தது 31,58,127. நெட் அறுந்திருந்தா குறையணும். கூடுனது எப்படி?

லாஸ்பேட்டை | 4 மார்ச், காலை 10.40

கூடியதிலேயே விடை இருக்கிறது சார். கழித்தால் 12,225 பைட் வருகிறது. ஜிப் போல நன்றாகச் சுருக்கிய ஃபைலில் 0 முதல் 255 வரை எல்லா பைட்டும் ஏறக்குறைய சமமாக விழும். ஆக 256 பைட்டுக்கு ஒன்று 10 என்ற மதிப்பில் இருக்கும், டெக்ஸ்டில் வரி முடிவைக் குறிக்கும் எண் அது. 31,45,902-ஐ 256-ஆல் வகுத்தால் 12,288. உங்கள் வித்தியாசம் அதை ஒட்டியே இருக்கிறது. ஒவ்வொரு 10-க்கும் முன்னால் ஒரு 13 செருகப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். செருகியது சர்வர்.

லினக்ஸில் வரி முடிவுக்கு 10 மட்டும். விண்டோஸில் 13, 10 என்று இரண்டு. (பழைய மேக்கில், 2001-க்கு முன், 13 மட்டும்.) எஃப்டிபியின் டெக்ஸ்ட் மோடில் (ஆஸ்கி மோடு என்பதும் இதுதான்) வழியில் போகும் வரி முடிவு எப்போதும் 13, 10 ஆக இருக்க வேண்டும் என்பது விதி. அனுப்புகிறவர் தன் வழக்கத்திலிருந்து அதற்கு மாற்றுவார், வாங்குகிறவர் அதிலிருந்து தன் வழக்கத்துக்கு மாற்றிக்கொள்வார். ஃபைலுக்குள் படமா, பட்டியலா என்று சர்வர் பார்ப்பதில்லை. 10 கண்ணில் பட்டால் 13 சேர்க்கும். விலைப்பட்டியலுக்கு அது வேண்டிய வேலை. ஜிப்புக்கு நாசம்.

விண்டோஸில் கூடவே வரும் எஃப்டிபி கமாண்ட் ஆஸ்கி மோடில்தான் தொடங்கும். 1985 அக்டோபரில் வந்த எஃப்டிபி விதி ஆவணமான ஆர்எஃப்சி 959 வைத்த இயல்பு நிலையும் அதுதான். லாகின் ஆனதும், பைட்டை மாற்றாமல் அனுப்பும் மோடுக்குப் போக, பைனரி என்று ஒரு வரி அடியுங்கள். முதல் மூன்று எழுத்து போட்டாலும் ஏற்கும். 200 என்ற எண்ணோடு பதில் வந்தால் மோடு மாறிவிட்டது. அதன்பிறகு ஃபைலை இறக்கும் கெட் கட்டளை. அளவு 31,45,902 என்று பைட் பிசகாமல் இருக்க வேண்டும்.

புதுப்பாளையம் அச்சகம் | 4 மார்ச், காலை 11.25

திறந்துருச்சு. அளவும் சரி. இன்னொன்னு: போன மாச வேலை ஒன்னு இதே மாதிரி பழுதா எங்ககிட்ட கிடக்கு. சர்வர்ல இருந்த மூலத்தை அவங்க அழிச்சுட்டாங்க. சரிபண்ண வழி இருக்கா?

லாஸ்பேட்டை | 4 மார்ச், மதியம் 12.05

இந்தத் திசையில் வந்த பழுதாக இருந்தால் இருக்கிறது. எல்லா 10-க்கும் முன்னால் 13 சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மூலத்தில் இயல்பாகவே 13, 10 என்று அடுத்தடுத்து இருந்த இடங்களும் 13, 13, 10 ஆகியிருக்கும். எனவே 10-க்கு முன்னால் நிற்கும் ஒரே ஒரு 13-ஐ எடுத்தால் மூலம் அப்படியே திரும்பும்.

நகல் எடுத்துக்கொண்டு அதில் செய்யுங்கள். லினக்ஸிலோ விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லிலோ 13, 10-ஐ 10 ஆக்கும் டாஸ்டுயுனிக்ஸ் என்ற கருவி கிடைக்கும். பைனரி ஃபைல் என்று கண்டால் தொடாமல் தாண்டிவிடும், அதனால் மைனஸ் எஃப் போட்டுக் கட்டாயப்படுத்த வேண்டும். முடிந்ததும் அன்ஜிப் மைனஸ் டி (டெஸ்ட்) கொடுத்தால் ஜிப்புக்குள் ஒவ்வொரு ஃபைலுக்கும் இருக்கும் சிஆர்சி-32 என்ற சரிபார்ப்பு எண்ணை ஒத்துப்பார்க்கும். எல்லாம் ஓகே என்றால் மீண்டுவிட்டது.

எல்லா 13-ஐயும் அழிக்கும் டிஆர் மைனஸ் டி (டெலீட்) வகைக் கட்டளையை மட்டும் இதற்குப் போட்டுவிடாதீர்கள். ஜிப்புக்குள் தன் சொந்த உரிமையில் உட்கார்ந்திருக்கும் 13-களும் சேர்ந்து போய்விடும். அதுவும் 256-க்கு ஒன்று.

எதிர்த் திசையில், விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு ஆஸ்கி மோடில் ஏற்றிய ஜிப் என்றால் கதையே வேறு. அங்கே 13, 10 என்ற ஜோடி 10 ஆகச் சுருங்கும். அந்த ஜோடி 65,536-க்கு ஒருமுறைதான் வரும், ஆகவே இதே அளவு ஃபைலில் 48 பைட் போலக் குறையும். பார்வைக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் மிச்சம் நிற்கும் 12,000 சொச்சம் 10-களில் எந்த 48-க்கு முன்னால் 13 இருந்தது என்று கண்டுபிடிக்க வழி இல்லை. மூலத்தைத் திரும்ப வாங்கத்தான் வேண்டும்.

லாஸ்பேட்டை | 4 மார்ச், மாலை 6.30

மதியம் எழுதியதற்கு ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். 10-க்கு முன்னால் ஏற்கெனவே 13 இருந்தால் இன்னொன்று சேர்க்காமல் விடும் சர்வர்களும் உண்டு. அப்படிப்பட்ட சர்வரிலிருந்து வந்தது என்றால் திருப்பும்போது இயல்பான ஜோடிகளின் 13-ம் போய்விடும். அளவு மூலத்தைவிடச் சில பத்து பைட் குறைந்து நிற்கும், சிஆர்சி தவறும். டிசைனரிடம் பழைய மெயிலில் மூல அளவு எழுதியிருந்தால் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த வகை என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

ஜிப் போன்ற இன்னொரு சுருக்க வடிவமான ஜிஜிப் ஃபைல்களுக்கு இதே வேலையைச் செய்ய ஃபிக்ஸ்ஜீஇசட் என்று ஒரு சின்ன நிரலை ஜிஜிப்பின் தளத்திலேயே வைத்திருந்தார்கள். அந்த அளவுக்கு ஊரெல்லாம் நடந்த பழுது.

வில்லியனூர் | 5 மார்ச், காலை 9.15

எனக்கு இந்த விவாதமே தேவையில்லை என்று படுகிறது. ஆஸ்கி மோடை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் பைனரியில் அனுப்பினால் போதும். ஃபைல் அனுப்பும் வேறு வழிகளான எஸ்எஃப்டிபி, எஸ்சிபி, ஆர்சிங்க் மூன்றும் பைட்டைத் தொடுவதில்லை. பென்டிரைவும் தொடுவதில்லை. யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லையே.

லாஸ்பேட்டை | 5 மார்ச், காலை 10.02

முக்கால்வாசி உடன்படுகிறேன். பைட்டை உள்ளபடி கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, மாற்ற வேண்டியதைச் சேர்ந்த இடத்தில், தெரிந்தே மாற்றுவதுதான் ஒழுங்கான முறை. நடுவழியில் ஒரு மென்பொருள் ஊகித்து மாற்றினால் எங்கே மாறியது என்ற தடயமே இருக்காது.

ஆனால் குறைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்டை (லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல், முதல் வரியில் அதை ஓட்டும் நிரலின் பெயர் இருக்கும்) எஸ்எஃப்டிபியில் லினக்ஸுக்கு அனுப்புங்கள். முதல் வரியின் கடைசியில் 13 ஒட்டிக்கொண்டே போகும். லினக்ஸின் மையமான கர்னல் அந்த 13-ஐயும் நிரலின் பெயரோடு சேர்த்துத் தேடும், அப்படி ஒரு நிரல் இல்லை என்று “பேட் இன்டர்ப்ரிட்டர்” பிழை வரும், பெயருக்குப் பின்னால் கேரட் குறியும் எம்மும் தெரியும். பெர்ல் மொழியில் எழுதிய பழைய சிஜிஐ (இணைய சர்வர் ஓட்டும் நிரல்) என்றால் இணையப் பக்கத்தில் வெறும் 500 பிழைதான் தெரியும், காரணம் சர்வர் லாகில் இருக்கும். கண்டுபிடிக்க: ஃபைல் என்ற கட்டளை “சிஆர்எல்எஃப்” (13, 10 ஜோடி) என்று சொல்லிவிடும். கேட் கட்டளையில் மைனஸ் பெரிய ஏ போட்டால் ஒவ்வொரு வரிக் கடைசியிலும் கேரட் எம் நிற்கும்.

நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் இதை அவரவர் கணினி செட்டிங்கில் விடாமல், களஞ்சியத்திலேயே கிட்ஆட்ரிபியூட்ஸ் ஃபைலில் எழுதுங்கள். ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு இஓஎல் எல்எஃப் (வரி முடிவு 10 மட்டும்) என்று ஒரு வரி, பிஎன்ஜி, ஜிப் வகைகளுக்கு பைனரி என்று ஒரு வரி.

நெல்லித்தோப்பு | 5 மார்ச், மதியம் 1.48

ஆஸ்கி மோடை ஒழிக்கச் சொல்கிறவர் மெயின்ஃப்ரேம் பக்கம் வந்து பார்க்க வேண்டும். ஐபிஎம் மெயின்ஃப்ரேம் என்ற பெரும் கணினியில் எழுத்துகள் ஆஸ்கியில் இல்லை, எப்சிடிக் முறையில் இருக்கும். ஆங்கில ஏ ஆஸ்கியில் 65, அங்கே 193. சுழியம் இங்கே 48, அங்கே 240. இடைவெளி இங்கே 32, அங்கே 64. பைனரியில் இறக்கினால் ஒரு எழுத்துகூட வாசிக்க முடியாது. 80 பைட் நிலை நீள ரெக்கார்டுகள் வரி முடிவே இல்லாமல் ஒட்டிக்கொண்டு வரும். அறிக்கை, ஜேசிஎல் என்ற வேலைக் கட்டளைகள், கோபால் என்ற நிரல் மொழியின் மூல நிரல் எல்லாம் டெக்ஸ்ட் மோடில்தான் வர வேண்டும்.

இதில் பெரிய ஆபத்து கலப்பு ஃபைல். பெயர் எழுத்தாக இருக்கும், தொகை காம்ப்-3 என்ற இறுக்கிய பதின்ம வடிவில் இருக்கும். 12345 என்ற தொகை அதில் மூன்றே பைட்: 18, 52, 92. கடைசி 92-ஐ மட்டும் பாருங்கள். அதன் மேல் பாதி 5, கீழ் பாதி 12, அது கூட்டல் குறி. டெக்ஸ்ட் மோடு அதை எழுத்து என்று நினைக்கும். எப்சிடிக்கில் 92 என்பது நட்சத்திரக் குறி, ஆஸ்கியில் நட்சத்திரம் 42. மாற்றி வைத்துவிடும். 42-இன் மேல் பாதி 2, கீழ் பாதி 10. இறுக்கிய வடிவில் 10-ம் செல்லுபடியாகும் கூட்டல் குறிதான்! ஐந்து இரண்டாக மாறிய பிறகும் அந்த பைட் முறையான தொகை போலவே நிற்கும். பிழைச் செய்தியை நம்பி இருந்தால் கோட்டை விடுவோம்.

இப்படிப்பட்ட ஃபைலுக்கு ஒரே வழி: மெயின்ஃப்ரேமிலேயே ஒரு வேலை ஓட்டி எல்லாத் தொகையையும் வாசிக்கும் எண்ணாக விரித்துவிட்டு டெக்ஸ்டில் இறக்குங்கள். இல்லாவிட்டால் முழுதையும் பைனரியில் இறக்கி, எந்தப் புலம் எங்கே என்று சொல்லும் காப்பிபுக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புலம் புலமாக மாற்றுங்கள். ரெக்கார்டை மொத்தமாக மாற்றும் எந்தக் கருவியையும் நம்ப வேண்டாம்.

வில்லியனூர் | 5 மார்ச், மதியம் 2.20

சரி. மெயின்ஃப்ரேமுக்கு ஒப்புக்கொள்கிறேன். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் நடுவில் என் கருத்து மாறவில்லை.

திருப்பாதிரிப்புலியூர் | 5 மார்ச், இரவு 8.10

தமிழ் ஃபைலை ஆஸ்கி மோடில் அனுப்பினால் எழுத்து உடையுமா? ஆஸ்கி என்றாலே ஆங்கிலம் மட்டும்தானே?

லாஸ்பேட்டை | 5 மார்ச், இரவு 9.35

எந்தக் குறிமுறை என்பதைப் பொறுத்தது.

யூடிஎஃப்-8 என்றால் பெரும்பாலும் உடையாது. க என்ற எழுத்து அதில் 224, 174, 149 என்று மூன்று பைட். தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் மூன்று பைட்தான் (கி போல இரண்டு குறி சேர்ந்த எழுத்துக்கு ஆறு), எல்லாமே 127-க்கு மேல். 10-ம் 13-ம் எழுத்துக்குள்ளே வர வாய்ப்பே இல்லை. வரி முடிவு மட்டும் மாறும். டிஸ்கி, டேப் போன்ற பழைய குறிமுறைகளிலும் தமிழ் எழுத்துகள் மேல் பாதியில்தான் இருக்கின்றன. பழைய ஆவணங்களைக் கிளறும்போது தொல்லை தருவது வேறு ஒன்று: வழியில் ஏதாவது 7 பிட் இணைப்பு இருந்து எட்டாவது பிட்டை வெட்டியிருந்தால் ஒவ்வொரு பைட்டிலும் 128 குறையும். க 96, 46, 21 ஆகிவிடும். பிரெஞ்சுப் பெயர்கள் உள்ள புதுச்சேரிப் பட்டியல்களில் லத்தீன்-1 முறையில் 233 என்று இருக்கும் அழுத்தக்குறி போட்ட ரோமன் எழுத்து ஈ, 105 ஆகி வெறும் ரோமன் எழுத்து ஐ ஆகும். அது எழுத்துப்பிழை போலவே தெரிவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

யூடிஎஃப்-16 என்றால் உடையும். நோட்பேடில் பழைய பதிப்புகள் “யூனிகோட்” என்று மட்டும் காட்டிய வடிவம் இதுதான். அதில் வரி முடிவின் 10 என்பது 10, 0 என்று இரண்டு பைட். லினக்ஸ் சர்வர் அதற்கு முன்னால் ஒற்றை 13-ஐச் செருகினால் அதற்குப் பின் வரும் எல்லாமே ஒரு பைட் தள்ளிப்போகும். க-வுக்கு உரிய 149, 11 ஜோடி பிரிந்து பக்கத்து பைட்டுகளோடு சேரும், திரையில் சீன எழுத்தும் கொரிய எழுத்தும் வரும். அடுத்த வரி முடிவில் இன்னொரு 13 செருகப்படும்போது இரண்டு பைட் தள்ளியதாகி மறுபடி ஒழுங்காகும். ஒரு வரி தமிழ், ஒரு வரி சீனம், மறுபடி தமிழ் என்று மாறி மாறி வந்தால் ஃபான்டைத் தேடி அலையாதீர்கள், காரணம் இதுதான்.

லாஸ்பேட்டை | 6 மார்ச், காலை 7.50

நேற்றையதன் தொடர்ச்சி. தமிழுக்கு யூனிகோடில் கிடைத்த இடம் நமக்கு இந்த விஷயத்தில் சாதகம். யூடிஎஃப்-16 எழுதும்போது தமிழ் எழுத்தின் மேல் பைட் 11. கன்னடம், தெலுங்குக்கு 12. இரண்டும் வம்பில்லை. குஜராத்திக்கும் பஞ்சாபியின் குர்முகி எழுத்துக்கும் மேல் பைட் 10! ஒவ்வொரு எழுத்திலும் ஒரு வரி முடிவு இருப்பதாக சர்வர் எண்ணிக்கொள்ளும். மலையாளத்துக்கும் சிங்களத்துக்கும் 13.

புதுச்சேரி ஆட்சிப்பகுதியில் மாஹே இருப்பதால் மலையாளப் பட்டியல்கள் நம் கைக்கும் வரும். யூடிஎஃப்-16-இல் உள்ள அப்படி ஒரு ஃபைலில் வரி முடிவைச் சரிசெய்கிறேன் என்று எல்லா 13-ஐயும் அழித்தால், ஒவ்வொரு மலையாள எழுத்திலும் பாதி போய்விடும். ஏனாம் பட்டியலுக்குத் தெலுங்கு என்பதால் அந்த ஆபத்து இல்லை. எந்த மொழியானாலும் முதலில் யூடிஎஃப்-8-க்கு மாற்றுங்கள், பிறகு வரி முடிவைத் தொடுங்கள். ஐகான்வ் என்ற கட்டளை போதும்.

வில்லியனூர் | 6 மார்ச், காலை 8.30

பிஎன்ஜி படம் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதைச் செய்தவர்கள் இந்தப் பழுதை மனதில் வைத்தே ஃபைலின் முதல் எட்டு பைட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. எட்டாவது பிட் வெட்டுப்பட்டால் 137 என்பது 9 ஆகிக் காட்டிக்கொடுக்கும். நடுவில் உள்ள 13, 10 ஜோடி சுருங்கினால் விண்டோஸ் பக்கத்துப் பழுது. கடைசி ஒற்றை 10-க்கு முன்னால் 13 முளைத்தால் லினக்ஸ் பக்கத்துப் பழுது. 26 எதற்கென்றால், டாஸில் டைப் கட்டளை போட்டால் அந்த இடத்தோடு நிற்க. 1996-இல் வந்த வடிவம். ஜேபெக்கில் இப்படி ஒரு காவல் இல்லை, அதனால்தான் அச்சகக்காரருக்குப் பாதிப் படமாவது திறந்தது.

லாஸ்பேட்டை | 6 மார்ச், காலை 8.41

அருமையான சேர்ப்பு. அந்த 26 விண்டோஸில் நிரல் எழுதுகிறவர்களையும் கடிக்கும். சி மொழியில் எஃப்ஓபன் செய்யும்போது வெறும் ஆர் என்று திறந்தால் டெக்ஸ்ட் மோடு. 26 வந்த இடத்தில் ஃபைல் முடிந்தது என்று நின்றுவிடும். படம், ஜிப் எல்லாவற்றுக்கும் ஆர்-பி, டபிள்யூ-பி. பைத்தானில் சிஎஸ்வி எழுதும்போது நியூலைன் என்பதற்கு வெற்றுச் சரம் கொடுக்காவிட்டால் விண்டோஸில் 13, 13, 10 என்று விழுந்து எக்செலில் ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு காலி வரி வரும்.

மேட்டுப்பாளையம் சிஎன்சி | 6 மார்ச், மாலை 5.05

தொழிற்பேட்டை லேத்துகளுக்கும் இது பொருந்தும். ஃபானக் வகைக் கன்ட்ரோலருக்கு ஆர்எஸ்-232 கேபிள் வழியே நிரல் அனுப்பும்போது வழக்கமான அமைப்பு 7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி, 2 ஸ்டாப் பிட், வேகம் 4800 அல்லது 9600. நிறுத்து, அனுப்பு என்று மெஷின் சொல்வது 19, 17 என்ற பைட்டுகளால். அந்த வழியில் பைனரி எதையும் அனுப்ப முடியாது. உள்ளே ஒரு 19 வந்தாலே அடுத்த பக்கம் நின்றுவிடும்.

நிரல் சதவீதக் குறியில் தொடங்கி அதிலேயே முடிய வேண்டும். வரி முடிவின் 10-ஐ மெஷின் இஓபி (ஒரு கட்டளை வரியின் முடிவு) என்று எடுத்துக்கொண்டு திரையில் அரைப்புள்ளியாகக் காட்டும். வரிக்கு வரி நடுவே தனியாக ஒரு அரைப்புள்ளி நின்றால் எங்கோ வரி முடிவு இரட்டித்திருக்கிறது. வெட்டு கெடாது, ஆனால் மெமரி வீணாகும். நோட்பேடில் யூடிஎஃப்-8 பிஓஎம்முடன் (ஃபைல் தொடக்கத்தில் வைக்கும் குறிமுறை அடையாளம்) சேமித்தால் முன்னால் 239, 187, 191 ஒட்டிக்கொள்ளும். சதவீதக் குறிக்கு முன்னால் வரும் குப்பை என்பதால் மெஷின் சில சமயம் பொறுத்துக்கொள்ளும், சில சமயம் அலாரம் போடும். ஏஎன்எஸ்ஐ என்று சேமிப்பது நல்லது.

லாஸ்பேட்டை | 7 மார்ச், காலை 9.20

பிஓஎம் பற்றிச் சொன்னது முக்கியம். எந்த எஃப்டிபி மோடும் அந்த மூன்று பைட்டை எடுக்காது. ஷெல் ஸ்கிரிப்டின் முதல் வரியையும் கெடுக்கும், பிஎச்பியில் “ஹெட்டர்ஸ் ஆல்ரெடி சென்ட்” எச்சரிக்கையையும் கொண்டுவரும்.

கருவிகள் பற்றி இரண்டு. எஃப்டிபி மென்பொருளான ஃபைல்ஸில்லாவில் இயல்பு நிலை ஆட்டோ. ஃபைல் பெயரின் நீட்டிப்பைப் பார்த்து மோடைத் தேர்வு செய்யும். நீட்டிப்பே இல்லாத ஃபைலையும் புள்ளியில் தொடங்கும் ஃபைலையும் ஆஸ்கியாக எடுத்துக்கொள்ளும் பெட்டிகள் செட்டிங்கில், ஃபைல் டைப்ஸ் பக்கத்தில் இருக்கும். லினக்ஸில் நிரல் ஃபைல்களுக்கு நீட்டிப்பு கிடையாது என்பதால் அங்கேதான் அடி விழும். டிரான்ஸ்ஃபர் மெனுவில் பைனரி என்று நிலையாக வைத்துவிடுங்கள்.

இன்னொன்று விஎஸ்எஃப்டிபிடி என்ற எஃப்டிபி சர்வர் மென்பொருள். அதன் இயல்பு அமைப்பில் ஆஸ்கி கேட்டால் சரி என்று 200 பதில் தரும், ஆனால் பைட்டை மாற்றாது. முதல் நாள் நான் எழுதிய 200 விதியை அந்த சர்வரில் பைனரிக்கு மட்டும் நம்பலாம். டெக்ஸ்ட் வந்ததும் வரிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2018 அக்டோபர் பதிப்புக்கு முந்தைய விண்டோஸ் நோட்பேடில் அப்படி வந்த ஃபைல் முழுதும் ஒரே வரியாகத் தெரியும்.

இடையில் அறுந்த இறக்கத்தைத் தொடரும் வசதியையும் பைனரியில் மட்டும் பயன்படுத்துங்கள். ஆஸ்கியில் இங்கே உள்ள அளவும் அங்கே உள்ள அளவும் ஒன்றல்ல, ஒட்டும் இடம் பிசகும்.

புதுப்பாளையம் அச்சகம் | 7 மார்ச், மதியம் 12.40

பழைய ஜிப் மீண்டுருச்சு சார், சிஆர்சி எல்லாம் ஓகே. பசங்க மறுபடி மறக்காம இருக்க ஒரு பேட்ச் ஃபைல் எழுதிக்கலாமா? அந்த விதியை இறக்குனவங்க யாருன்னும் தெரிஞ்சா நல்லாருக்கும்.

லாஸ்பேட்டை | 7 மார்ச், மதியம் 1.30

எஃப்டிபியின் முதல் வரையறையை எழுதியவர் நம் நாட்டுக்காரர், கான்பூர் ஐஐடியில் படித்த அபய் பூஷண். 1971 ஏப்ரலில் ஆர்எஃப்சி 114. ஒவ்வொரு ஆய்வகத்திலும் வேறு வேறு கணினி, வேறு வேறு எழுத்துக் குறிமுறை, வேர்டு நீளமே வேறு வேறு என்று இருந்த காலம். எழுத்துக்குத் தனி வழி வைத்தது அன்றைக்கு அவசியம்.

பேட்ச்சுக்கு: ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரிக்கு ஒன்றாக ஓபனும் சர்வர் முகவரியும், பயனர் பெயர், கடவுச்சொல், பைனரி, ஃபோல்டருக்குப் போகும் சிடி, கெட், கடைசியில் பை. பிறகு எஃப்டிபி மைனஸ் எஸ் முக்காற்புள்ளி போட்டு அந்த ஃபைல் பெயர். நிறைய ஃபைலை எம்கெட்டில் இறக்கினால் மைனஸ் ஐ சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்காது. கடவுச்சொல் அந்த ஃபைலிலும் வழியிலும் வெளிப்படையாகவே இருக்கும் என்பதால், டிசைனர் சம்மதித்தால் எஸ்எஃப்டிபிக்கு மாறிவிடுங்கள். விண்டோஸ் 10-இன் 2018 பதிப்புகளிலிருந்து அந்தக் கட்டளை கூடவே வருகிறது, அதில் மோடு பற்றிய பேச்சே இல்லை.

இரு பக்கமும் ஃபைல் ஒன்றுதானா என்று அதன் எஸ்எச்ஏ256 கைரேகை எண்ணால் சரிபார்க்க: விண்டோஸில் செர்ட்யூட்டில் மைனஸ் ஹாஷ்ஃபைல், ஃபைல் பெயர், எஸ்எச்ஏ256. லினக்ஸ் பக்கம் எஸ்எச்ஏ256சம். இரண்டிலும் வரும் 64 குறிகள் ஒத்திருக்க வேண்டும்.

வில்லியனூர் | 7 மார்ச், மதியம் 2.05

அந்தக் குறிகளை விண்டோஸில் ஒரு ஃபைலாகச் சேமித்து லினக்ஸில் எஸ்எச்ஏ256சம் மைனஸ் சி போட்டு ஒப்பிட்டால், பழைய பதிப்புகளில் “அப்படி ஒரு ஃபைல் இல்லை” என்று வரும். ஃபைல் கண்ணெதிரே இருக்கும். பெயருக்குப் பின்னால் 13 ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் டாஸ்டுயுனிக்ஸ் ஓட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.